இறக்குவதற்கும் ஒரு கூலி

கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு சுமட்டுக்காரர் பட்டப்பகலில் சும்மா உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்ததில்லை — போன வாரம் புதன்கிழமை வரை.

புதன்கிழமைதோறும் இந்தப் பத்தியை எழுதி எடுத்துக்கொண்டு பிரஸுக்குப் போவது என் வழக்கம். எங்கள் பிரஸுக்கு எதிரே அரிசி மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு பெரிய கிட்டங்கி இருக்கிறது. மூட்டைகளை வண்டியிலிருந்து கிட்டங்கிக்கும், கிட்டங்கியிலிருந்து ஊரிலுள்ள கடைகளுக்கும் சுமட்டுக்காரர்கள் தலையில் சுமந்தபடியே இருப்பார்கள். "வழி... வழி...!" என்று ஒரு குரல் கேட்கும். முகம் தெரியாது. நான் குடையை மடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன். இப்படி நாலைந்து தடவை ஒட்டினால்தான் பிரஸ் படி ஏற முடியும்.

அன்றைக்கு வழி காலியாகக் கிடந்தது. தாராளமாக நடந்து போகலாம். எனக்கென்னவோ நடக்கப் பிடிக்கவில்லை.

சுவரோரமாக ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தலையில் சும்மாடாகச் சுருட்டி வைக்கும் துணி, பிரிந்து தோளில் கிடந்தது. சுமட்டுக்காரர் சும்மாட்டைப் பிரித்துத் தோளில் போட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மணியோ காலை பத்துகூட ஆகவில்லை. மூட்டை ஏற்றிய வண்டிகள் அப்படியே நிற்கின்றன. மாடுகள் மட்டும் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

வரிசையில் செல்லையா இருந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாடகை வீடு மாறும்போதெல்லாம் என் மர அலமாரியைச் சுமந்தவர் அவர்தான். வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவன் நான். ஆகவே நல்ல பழக்கம்!

"என்ன செல்லையா, இன்னைக்கு லீவா?" என்றேன்.

"லீவு நமக்கு யாரு தாறா சாரே?" என்றார். நாலு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதால் ஊரில் எனக்கு 'சாரே' என்ற பட்டம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. "இறக்குகூலி இனி கெடையாதுன்னு முதலாளி சொல்லியாச்சு. பிறவு என்னத்தைச் சொமக்கது?"

இந்த இறக்குகூலியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம். மூட்டையைச் சுமந்துகொண்டு கடை வாசலுக்குப் போகிறவர் தன்னந்தனியாக அதை இறக்க முடியாது. கழுத்து திருகிக்கொள்ளும். அதனால் சுமட்டுக்காரர்களில் ஒருவர் முன்கூட்டியே போய்க் கடை வாசலில் நிற்பார். வருகிறவர்களின் மூட்டையை ஒவ்வொன்றாகத் தாங்கி இறக்கிவிடுவார். அந்த ஆளுக்குக் கொடுப்பதுதான் இறக்குகூலி. பெரிய தொகை இல்லை. முதலாளி ஒரு வேளை வெற்றிலை போடுகிற செலவு.

போன வருஷம் செல்லையாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் அலமாரியால் அல்ல என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு அவர் தலையில் சுமை ஏற்றுவதில்லை. கடை வாசலில் நிற்கிற ஆள் அவர்தான். கை பலம் மட்டும் குறையவில்லை. ஆக, இறக்குகூலி இல்லையென்றால் செல்லையாவுக்குப் பிழைப்பு இல்லை. மற்றவர்களுக்கோ, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, செல்லையாவின் கழுத்துதான்.

முதலாளி இதற்குச் சொன்ன நியாயத்தை நான் பிரஸ் ஜன்னலில் நின்று என் காதாலேயே கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"மேல ஏத்துன சாமான் கீழ எறங்காம அங்ஙனயா நிக்கப் போவுது? எறங்குகதுக்கு ஒரு கூலியா? நல்ல கதையா இருக்கே!"

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய சம்பளத்தில் சிரிப்பும் சேர்த்தி.

ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் இருந்த செல்லையா சிரிக்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஏத்தும்போ நாலு கை உண்டு சாரே. இறக்கும்போதுதான் கழுத்து தனியா நிக்கும்."

ஸ்டிரைக் என்று இதற்குப் பெயர் வைக்கலாமா? வைத்தால் எங்கள் எடிட்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவர்களிடம் சங்கம் இல்லை, கொடி இல்லை, தலைவர் இல்லை. எல்லோரும் அத்தக்கூலிகள். வேலை இருந்தால் அன்றைக்குக் கஞ்சி. இல்லாவிட்டால் இல்லை. அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே வேலை இல்லாமல் இருப்பதென்றால், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அல்லது எவ்வளவு அலுப்பு வேண்டும்! எனக்கென்னவோ அது அலுப்பாகத்தான் தெரிந்தது. அவர்கள் முகத்தில் வீரம் ஒன்றும் இல்லை. 'போதும்' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

அந்தச் சொல் எனக்கும் பழக்கமானதுதான். என் பிழைப்பும் அத்தக்கூலிதானே? இந்தப் பத்தி அச்சில் ஏறினால் எனக்குக் கூலி. இந்த இடத்துக்கு ஏதாவது தைல விளம்பரம் வந்துவிட்டால் பத்தியும் இல்லை, கூலியும் இல்லை. எழுதின கை எழுதினதுதான். நானும் பல தடவை சும்மாட்டைத் தோளில் போட்டுவிடலாமா என்று நினைத்ததுண்டு. போட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் சங்கடம். ஒரு சுமட்டுக்காரர் உட்கார்ந்தால் தெருவே நிற்கும். நான் உட்கார்ந்தால்... தைல விளம்பரம் வரும்!

சரி, கதைக்கு வருகிறேன்.

மத்தியானம் வாக்கில் மீன்காரிகள் வந்தார்கள். கடற்கரையிலிருந்து விடியற்காலையில் மீன் கடவத்தை — பெரிய ஓலைப்பெட்டியை — தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாக வருகிற பெண்கள். மீனை விற்றுவிட்டு வெறும் கடவத்தோடு மத்தியானம் திரும்புவார்கள். இது ஆடி மாதம். கடல் யாரையும் உள்ளே விடுவதில்லை. கரை ஓரத்தில் கிடைத்த பொடிமீனைக் கொண்டுவந்து தெருத் தெருவாகக் கூவி விற்றுவிட்டு, காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வெறுந்தலையோட தானே போறிய? அரை மூட்டை அரிசி, வடசேரி வரைக்கும். கையில காசு."

வெறுந்தலையோடு போகிற பெண்களுக்கு அது தேவ வாக்கு மாதிரி இருந்திருக்கும். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வாங்கக்கூடக் காசு இல்லாத மாசம். சுவரோரம் உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பார்த்தார்கள். ஏதோ களைப்பாறுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மூட்டைகளை அவிழ்த்துப் பாதிப் பாதியாகப் புதுச் சாக்கில் கொட்டினார்கள். கடவத்தில் கொட்டினால் அரிசிக்கு மீன் வாடை வந்துவிடுமே! முதலாளிக்கு அந்த முன்யோசனை இருந்தது.

ஒருத்திக்கு ஒருத்தி கை பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டையாகத் தலையேறியது. கடைசியாக ஒருத்தி மிஞ்சினாள். பெயர் பிரகாசி. நாற்பது வயது இருக்கும். எங்கள் தெருவுக்கும் மீன் கொண்டுவருவாள். மற்ற எல்லோர் தலையிலும் சுமை ஏறிவிட்டது. சுமை ஏறின பிறகு குனிந்து இன்னொருத்திக்குத் தூக்கிவிட முடியாது. அவளுக்குக் கை கொடுக்க யாரும் இல்லை. கடைசி ஆளுக்கு எப்போதும் இதே கதிதான்.

கணக்கப்பிள்ளை எங்கே? அவர் விவரமானவர். தன்னிடம் கேட்பதற்கு முன்பே உள்ளே போய்விட்டார்.

ஏனென்றால், கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. சுமை தூக்கிவிடச் சொல்லி யார் கேட்டாலும், கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்று பார்க்காமல் ஒரு கை பிடித்துவிட வேண்டும். இது நம் பக்கத்து வழக்கம். எந்தக் குளத்தில் யார் இறங்கலாம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதற்கெல்லாம் நம்மிடம் பக்காவாகக் கணக்கு இருக்கிறது. தலைச்சுமைக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. அது எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியவில்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

பிரகாசி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் முதல் ஆளாக இருந்தவர் செல்லையா.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிச்சு விடும்."

செல்லையா எழுந்தார். போனார். குனிந்தார். மூட்டையின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை அவள் பிடிக்க, 'ம்' என்ற ஒரு மூச்சில் அது தலையில் போய் உட்கார்ந்தது. செல்லையா அதைச் சற்றே நகர்த்திச் சரியாகவும் வைத்துவிட்டார். பிரகாசி நடந்துவிட்டாள்.

ஜன்னலில் நின்ற நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

எந்தச் சுமையைத் தூக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்களோ, அதே சுமையை, யாருடைய பிழைப்புக்காக உட்கார்ந்திருக்கிறார்களோ, அதே ஆள் போய்த் தூக்கிவிட்டு வந்து மறுபடியும் உட்காருகிறார்! இப்படி ஒரு கூத்து எங்கேயாவது உண்டா?

மைதீன்தான் முதலில் வெடித்தார். அந்தக் கூட்டத்தில் மூத்த சுமட்டுக்காரர் அவர். குரலும் பெரிது.

"ஏலே செல்லையா, ஒனக்குக் கூறு உண்டாலே? ஒனக்காச்சுட்டி நாங்க இங்ஙன பட்டினி கெடக்கோம். நீ அவளுக்கு மூட்டையை ஏத்தி விடுதியே!"

"கேட்டாளே மைதீனு."

"கேட்டா?"

"கேட்டா பிறவு எப்பிடிவே இருக்கது?"

மைதீன் தரையில் துப்பினார். அவரைக் கேட்டிருந்தாலும் அவர் கையும் தானாக எழுந்திருக்கும் என்று அவருக்கே தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கம் இல்லாத சங்கம் அப்போதே கலைந்த மாதிரிதான் இருந்தது.

நான் புரூஃபைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் வீடும் வடசேரிப் பக்கம்தான். மறந்துபோன கண்ணாடிக் கூட்டை எடுக்க ஒரு தடவை திரும்பி, மறுபடி நடந்து, பாதி வழியில் பிரகாசியைப் பிடித்துவிட்டேன். மீன் சுமந்தால் ஓடுகிறவள், அரிசி சுமந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆடிக் காற்று வேறு. என் குடை ஒரு தடவை மலர்ந்து மல்லாந்தது. அவள் தலையிலிருந்த மூட்டையையும் காற்று தள்ளிப் பார்த்தது. அவள் நின்று, காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, பிறகு நடந்தாள்.

கடை வந்தது. வாசலில் யாரும் இல்லை. முன்னால் வந்த பெண்கள் எப்படியோ இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். கடைக்காரர் உள்ளே யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பிரகாசி கூப்பிட்டாள். அவருக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருக்காது என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் நின்றாள். சுமையோடு நடப்பதைவிடச் சுமையோடு நிற்பது பெரிய பாடு என்பது அவள் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மெல்ல நழுவிவிடலாமா என்று யோசிப்பதற்குள் —

"சாரே, ஒரு கை பிடியும்."

கேட்டுவிட்டாள்! குடையைக் கீழே வைத்தேன். மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். பிடித்தேன் என்று எழுதுகிறேன்... அதுதான் என்னைப் பிடித்தது. நான் நினைத்ததைவிட வேகமாக அது கீழே வந்தது. என் தோளில் மோதி, கண்ணாடியைத் தட்டி, அவள் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்து, கடைசியில் என் கால் கட்டைவிரலில் வந்து நின்றது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செத்தேன்னு நெனச்சேன் சாரே," என்றாள்.

"நானுந்தான்," என்றேன்.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இஞ்ச எப்பவும் ஒரு அண்ணாச்சி இறக்கி விட நிப்பாருல்லா? நான் மீன் கொண்டுவரும்போ தெனமும் பாப்பேன். அங்க எனக்குத் தூக்கி விட்டாரே, அவருதான். இன்னைக்கு அவரு என்னத்துக்கு அங்ஙன சும்மா இருக்காரு?"

சொன்னேன். இறக்குகூலியை நிறுத்தியது, அவர்கள் உட்கார்ந்தது, செல்லையாவின் கழுத்து — எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்போ நான் கொண்டுவந்தது அவருக்க கஞ்சியையா?"

இல்லை என்று சொல்லலாம். பொய். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஒரு வாக்கு சொல்லலியே சாரே!"

எழுந்து திரும்பி நடந்தாள். நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். எழுத்துக்காரனுக்கு இந்த ஒரு கெட்ட குணம் உண்டு.

கணக்கப்பிள்ளையிடம் அவள் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாங்காமல் விட்டுவிட அவள் என்ன மகாராணியா? பிறகு நேராகச் செல்லையாவிடம் வந்தாள்.

"ஏன் அண்ணாச்சி சொல்லலை?"

"நீ கேட்டே. நான் தூக்கி விட்டேன்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

செல்லையா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ தெரியாத பாஷையில் அவள் பேசிவிட்டது போல.

"ஒருத்தி சொமை ஏத்தி விடக் கேக்கும்போ வேண்டாம்னு எப்பிடி மக்கா சொல்லது?"

மைதீன் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாசி தன் கடவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை எனக்குக் கோட்டாற்றில் வேலை ஒன்றும் இல்லை. பொய் சொல்வானேன்? வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

சுவரோரம் ஆட்கள் குறைந்திருந்தார்கள். மிஞ்சினவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மைதீனுக்கும் செல்லையாவுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. இரண்டு நாளாக அடுப்பு எரியாத வீடுகள். இன்றைக்கும் மீன்காரிகள் சுமந்துவிட்டால் நாளைக்கு இவர்களில் யாரும் இங்கே உட்காரப் போவதில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய், முதலாளி சொன்ன ரேட்டுக்குத் தலையைக் குனிந்துவிடுவார்கள். செல்லையா எங்கே போவார்?

மத்தியானம் பெண்கள் வந்தார்கள். பிரகாசி முன்னால் வந்தாள். கணக்கப்பிள்ளை முகமெல்லாம் பல். சாக்குகளை முன்கூட்டியே பாதி பாதியாக நிரப்பி வாசலில் வரிசையாக வைத்திருந்தார்.

"வாங்கட்டி, வாங்க. தூக்குங்க."

அவர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். தலையில் சும்மாட்டையும் வைத்துக்கொண்டார்கள். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"என்னட்டி நிக்கிய?"

"ஏத்தி விட ஆளு வேணுமே கணக்கப்பிள்ளே," என்றாள் பிரகாசி.

"நேத்து ஒருத்திக்கு ஒருத்தி ஏத்தி விட்டியளே?"

"நேத்து கழுத்து பிடிச்சிட்டு. இன்னைக்கு எங்களால ஆவாது. நீரு ஒரு கை பிடியும்."

கேட்டுவிட்டாள்! இந்தத் தடவை கணக்கப்பிள்ளையால் உள்ளே ஓட முடியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காதிலிருந்த பேனாவை எடுத்துப் பையில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், பிடித்தார். மூட்டை முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வர அதற்கு விருப்பமில்லை. அவர் முகம் சிவந்தது. மூட்டை மறுபடியும் தரைக்கே போய்விட்டது.

முதலாளி வெளியே வந்தார். சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்து, "எலே, என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிய? பொம்பளையோ நிக்குதாளுவல்லா, ஏத்தி விடுங்கலே!" என்றார்.

மைதீன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அவிய கேக்கலியே முதலாளி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும். கேட்டால் இந்த ஆட்களால் மறுக்க முடியாது. அது நேற்றே தெரிந்துபோயிற்று. அவர்களை மறுக்க வைத்து என்ன பிரயோஜனம்? அதனால் பெண்கள் தங்களுக்குள் தூக்கிவிடுவதும் இல்லை, இவர்களிடம் கேட்பதும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்! அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தியம் இல்லை, கூட்டம் போட்டுப் பேசவில்லை. கடற்கரைக்குத் திரும்பிப் போகிற வழியில் நடந்துகொண்டே பேசியிருப்பார்கள்.

முதலாளி பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அவனுவகிட்டக் கேளுங்களேன். கேட்டா ஏத்தி விடுவானுவ."

"ஏத்தி விடுவாவ. அதான் கேக்க மாட்டோம்," என்றாள் பிரகாசி.

வாசலில் அரிசி. மூட்டைக்கு ஒரு பக்கத்தில் தூக்கத் தெரிந்தவர்கள், மறுபக்கத்தில் சுமக்கத் தெரிந்தவர்கள். நடுவே ஒரே ஒரு வார்த்தைதான் குறைச்சல். அந்த வார்த்தையை முதலாளியால் விலைக்கு வாங்க முடியவில்லை. கூலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப் பார்த்தார். ஒருத்தி எச்சில் விழுங்கினதை நான் பார்த்தேன். அவள் பிரகாசியைப் பார்த்தாள். பிரகாசி அவளைப் பார்க்கவில்லை, காற்றில் பறக்கிற தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வீட்டில் இவர்களுக்காகக் காத்திருக்கிற வாய்கள் இருக்கின்றன அல்லவா? 

கொஞ்ச நேரம் அப்படி நின்றுவிட்டு, பெண்கள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினார்கள். வெறும் கடவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் இரண்டு கடைகளிலிருந்து அரிசி கேட்டு ஆள் வந்தது. மூன்றாவது ஆளும் வந்தபோது முதலாளி இறங்கிவந்தார். இறக்குகூலி பழையபடி உண்டு. "புது நெல்லு வாறது வரைக்குந்தான். பிறவு பாப்போம்," என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டார்.

பெரிய வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுத முடியவில்லை. புது நெல் வர, அதாவது கன்னிப்பூ அறுவடைக்கு, இன்னும் எத்தனை நாள்? அதற்குப் பிறகு மறுபடியும் சுவரோரம். இந்தக் கிட்டங்கி இல்லாவிட்டால் வேறு கிட்டங்கி. மனிதர்களுக்கு ஒரே சண்டையை எத்தனை தடவை போட்டால் அலுக்காமல் இருக்கும்? அந்தப் பெண்களுக்கோ அன்றைக்குக் கூலியும் இல்லை, வெற்றியும் இல்லை. அவர்களுடைய மீனுக்கு யார் விலை கூட்டிக் கொடுத்தார்கள்? வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாள் பிரகாசியிடம் பொடிமீனுக்கு அரைமணி நேரம் பேரம் பேசினார். நானே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எடிட்டரிடம் இதை எழுதப் போவதாகச் சொன்னேன். அந்தக் கிட்டங்கி விளம்பரம் நம் பின் அட்டையில் வருகிறது. அவர் பெருமூச்சு விட்டார். "ஆடிக் காத்தைப் பத்தி எழுதுமே ஓய்," என்றார். எழுதியிருக்கிறேன். காற்றும் இதில் வருகிறது, பார்த்தீர்கள் அல்லவா? "எந்தக் கிட்டங்கின்னாவது எழுதாதேயும்," என்றார். எழுதவில்லை. எங்கள் பிரஸுக்கு எதிரே என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வேலையாகக் கோட்டாற்றுக்குப் போயிருந்தேன். கடலில் கொஞ்சம் மீன் பட்டிருக்கிறது போலும். பிரகாசி நிறைந்த கடவத்தோடு தெருமுனைக்கு வந்தாள். மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. சுமட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீருக்குப் பயந்து எப்போதும் விலகித்தான் நிற்பார்கள். மீன்காரிகளின் கடவத்தை மீன்காரிகளே இறக்கிக்கொள்வார்கள். கடை வாசலுக்குப் புறப்பட்ட செல்லையா அவளைப் பார்த்ததும் நின்றார். நேராகப் போய்க் கடவத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மைதீன் மூக்கைச் சுளித்துக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்தார். ஒரு சொட்டு சிந்தாமல், அவள் கழுத்து அசையாமல், கடவம் தரையில் இறங்கியது.

பிரகாசிக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நான் கேக்கலியே அண்ணாச்சி?"

"அன்னைக்கு மூட்டைக்குப் பக்கத்துல நின்னும் நீ கேக்கலைல்லா?" என்றார் செல்லையா. "அதுக்குத்தான்."

ஒரு விஷயம். இந்தப் பத்திக்கான கூலியைக் கூட்டித் தரச் சொல்லி நானும் எடிட்டரிடம் இதுவரை கேட்கவில்லை... பார்ப்போம்!